கண்ணில் படாததை வரைய வேண்டாம்

மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளருக்கு நிழல் இல்லை.

மாலை வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழுந்து, மேஜையின் கீறல்களையும் விசைப்பலகை இடுக்கில் அடைந்த தூசியையும்கூட ஒன்றுவிடாமல் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. டம்ளர் மட்டும் தனக்கும் வெயிலுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்பதுபோல் நின்றது. ஃபிரிட்ஜ் மெக்கானிக் கண்ணைக் கசக்கிக்கொண்டான். லீவு நாள் முழுக்கத் திரையை முறைத்தால் இப்படித்தான்.

அவனுடைய பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் இயங்குதளம் நன்றாகவே ஓடியது. கார் பந்தய கேம்தான் நொண்டியது. காலையிலிருந்து அதனோடு பேரம். நிழலை எடுத்துக்கொள், வேகத்தைக் கொடு. தூரத்து மலையை எடுத்துக்கொள், இன்னும் கொஞ்சம் கொடு. கையால் குறைத்து அலுத்துப்போய், கேம் திணறும்போதெல்லாம் தேவையில்லாததைத் தானே கழித்துவிடும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதினான். அதை நிறுத்தினால் கழித்தது திரும்பி வருமா என்று யோசிக்கவில்லை. எதிலும் கைவைக்கலாம் என்ற நிர்வாகி அதிகாரத்தையும் தாராளமாகத் தூக்கிக் கொடுத்தான். அதன்பிறகு கார்கள் வெண்ணெயில் வழுக்கின.

"என்னங்க, அந்தப் பொட்டியோடவே குடித்தனம் நடத்துறதா உத்தேசமா?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"அது எதிர்த்துப் பேசாது."

"சமைச்சும் போடாது. பசிக்கறப்போ ஞாபகம் வரும்."

சிரித்தபடி ஜன்னலைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. எதிர்வீட்டுக்கு அப்பால் தெரு இல்லை. வெளுத்த மூட்டம் மட்டும். நாளெல்லாம் கேட்ட லாரி உறுமல், யாரோ ஆணி அடிக்கும் ஓசை, நாய்க்குரைப்பு எல்லாம் எப்போது ஓய்ந்தன என்று தெரியவில்லை. வதங்கிய வெங்காய வாசனை நடு அறைவரை வந்து கத்தரித்ததுபோல் நின்றிருந்தது.

இந்த வித்தைகளையெல்லாம் கற்றுக்கொடுத்த, ‘வாத்து’ என்று பட்டப்பெயர் கொண்ட நண்பனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னான்.

"எந்த கேமுக்குன்னு பேரு போட்டியாடா?"

"அந்த இடத்தைச் சும்மா விட்டுட்டேன்."

"சும்மா விட்டா எல்லாத்துக்கும்னு அர்த்தம், அறிவாளி. என்னென்ன கழிக்கச் சொன்னே?"

"நிழல், தூரம், சத்தம். கடைசியா, கண்ணுல படாததை வரையவே வேண்டாம்னு."

"சரி, வீட்டுக்கு வந்து பார்க்கறேன். நான் இப்போ கடைல..."

குரல் அறுந்தது. இணைப்பு துண்டிக்கப்படவில்லை. போனில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன, மூச்சொலிகூட இல்லை.

கண்ணில் படாதது. சமையலறையில் கரண்டிச் சத்தம் கேட்டு எவ்வளவு நேரமாயிற்று?

ஓடினான். அடுப்புமுன் நின்றிருந்தாள்.

"என்னவோ தூங்கி முழிச்ச மாதிரி இருக்குங்க," என்றாள்.

கண்சிமிட்டினான். அவள் கன்னத்து மச்சம் காணவில்லை. மறுபடி சிமிட்டினான். உடையில் இருந்த பூக்கள் கலங்கிய சாயமாயின.

"ஏங்க இப்படிப் பார்க்கறீங்க? கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படிப் பார்த்ததில்லையே."

"எங்கயும் போகாதே. கையைக் கொடு."

அவள் கையை இறுகப் பிடித்து, முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல், பின்னோக்கியே நடந்தான். கண் எரிந்தது. நீர் வழிந்தது. இடுப்பு மேஜையில் இடித்தது. ஒற்றைக் கையால், பார்க்காமலே, புரோகிராமை நிறுத்தும் கட்டளையை அடித்தான். கம்ப்யூட்டர் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அதையும் அடித்தான்.

பீப். தவறு.

மறுபடி. பீப்.

இமை தானாக மூடித் திறந்தது. அவளுக்குப் புருவம் இல்லை.

"எனக்குப் பயமா இருக்குங்க." உதடு அசையவில்லை.

மூன்றாம் முறை அடித்தான். பீப். இப்படி முடியாது. விசைகளைப் பார்த்தே ஆகவேண்டும். ஒரே பார்வை. ஓரக்கண்ணில் அவளையும் வைத்துக்கொண்டு.

தலையை மெல்லத் திருப்பினான். ஓரக்கண்ணில் அவள் தோள். பிறகு முழங்கை. பிறகு, பிடித்திருந்த கை மட்டும். அடித்தான்.

பீப் இல்லை. புரோகிராம் நின்றது.

திரும்பினான்.

அவளுடைய கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. அதற்குமேல் சுவர். சுவரில் வெயில்.

அவன் உள்ளங்கைக்குள் அந்த விரல்கள் இன்னும் சூடாக இருந்தன. மெல்ல நகர்ந்து, அவன் கட்டைவிரலைத் தொட்டு, மணிக்கட்டைத் தொட்டு, அவன் இன்னும் இருக்கிறானா என்று தடவித் தேடிக்கொண்டிருந்தன.