அளவெடுத்துக் கொல்!

வாத்தியார் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார்!

வாய் பிளந்திருந்தது. மூக்குக்கண்ணாடி ஒரு காதில் மட்டும் தொங்கியது. கையில் கசங்கிய ஒரு தாள்...

மர்மக்கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் மாலை வகுப்பு அது. மாணவர்கள் மொத்தமே மூன்று பேர். பல் டாக்டர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், தையல்காரர். மூவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

ஒருவர்கூட அலறவில்லை!

"அடேங்கப்பா! பரீட்சை வைக்கிறார்யா!" என்றார் கண்டக்டர். "ஒரு நாள் பொணத்தையே காட்டறேன்னு போன வாரம் சொன்னாரில்ல?"

பல் டாக்டர் நோட்டைத் திறந்தார். "யாரும் எதையும் தொடாதீங்க. தடயம் கலைஞ்சிடும்!"

தையல்காரர் மட்டும் மேஜையை நோக்கி ஓடினார்.

காரணம் இருந்தது. அவர் நாவலைப் பதினோரு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியிருந்தன. எல்லாக் கடிதத்திலும் ஒரே வரி... 'பயமே வரவில்லை.' பன்னிரண்டாவது பதிப்பகம் வாத்தியாரின் மச்சானுடையது. 'இன்னிக்குப் படிக்கிறேன். பயம் வந்தா சிபாரிசு பண்றேன்' என்று வாத்தியார் வாக்குக் கொடுத்திருந்தார்.

வாத்தியார் போனால் சிபாரிசும் போச்சு!

"டாக்டர், நாடியைப் பாருங்க!"

"நான் பல்லுக்குத்தான் டாக்டர்." ஆனாலும் குனிந்து வாய்க்குள் எட்டிப் பார்த்தார். "கடைவாயில ஒரு சொத்தை. சாகற அளவுக்கு இல்லை."

"மூச்சைக்கூட அடக்கிட்டாரே! மனுஷன் என்னமா நடிக்கிறார்!" கண்டக்டர் சொக்கிப்போனார்.

"ஐயோ, உதடு நீலமா மாறுது!"

"கருநீலமா, வெளிர்நீலமா? துணிக்காரர் நீங்க, சரியாச் சொல்லுங்க... எழுதிக்கணும்" என்றார் பல் டாக்டர்.

"யோவ்! மனுஷன் சாகறாருய்யா!"

தையல்காரர் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

"மார்க் போயிடும்!" என்று எச்சரித்தார் கண்டக்டர்.

"மார்க்கை நீங்களே வெச்சுக்குங்க!"

ஒரு மணி நேரம் கழித்து...

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாத்தியார் கண் திறந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

"சார்... உங்களை யார் இப்படிப் பண்ணது?" என்றார் தையல்காரர்.

வாத்தியாரின் விரல் நீண்டது. நேராக... தையல்காரரை நோக்கி!

"நீதான்யா!"

"நானா?!"

"உன் நாவல்... நூத்தி நாப்பதாம் பக்கம்..."

தையல்காரருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. "அவ்வளவு பயந்துட்டீங்களா சார்?"

"பயமா? கொலைகாரன் கத்தியோட வர்றான். குத்தித் தொலைக்காம, தோள் இவ்வளவு, மார்பு இவ்வளவுன்னு மூணு பக்கத்துக்கு அளவெடுக்கிறான்யா! 'கையைக் கொஞ்சம் தூக்குங்க'ன்னு மரியாதை வேற! சிரிச்சுச் சிரிச்சு மூச்சே நின்னு போச்சு!"

"சார், அது திகில் காட்சி!" தையல்காரரின் குரல் உடைந்தது. "அளவெடுக்காம நெஞ்சு எங்க இருக்குன்னு எப்படி சார் தெரியும்?"

வாத்தியார் குலுங்கினார். திணறினார். கட்டிலோரத்து மிஷின் 'பீப்... பீப்...' என்று அலறியது!

ஓடி வந்த நர்ஸுக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஐயா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்! அந்தக் கதையை இன்னும் ஒரு வரி சொன்னீங்கன்னா இவர் உயிருக்கு நான் பொறுப்பில்லை! எனக்குக் கையெல்லாம் நடுங்குது!"

தையல்காரர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா சார்? சிஸ்டர் பயந்துட்டாங்க... மச்சானுக்குப் போனைப் போடுங்க!"