வெளிச்சத்தில் வைத்த கிழங்கு

மசித்த உருளைக்கிழங்கில் கசப்பு இருந்தது. நாக்கை இழுக்கிற கசப்பு இல்லை. விழுங்கி முடித்த பிறகு, தொண்டைக்குள் யாரோ நகத்தால் மெல்லச் சுரண்டுகிற மாதிரி ஒரு காறல். ஸ்டோர்காரர் கரண்டியை வைத்துவிட்டு எதிரே இருந்த அக்காவைப் பார்த்தார். பல் போன வாயால் தன் தட்டைத் தின்று முடித்துவிட்டு அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொழிற்சாலை கேண்டீனில் சாமான் அறையைக் காத்தே அவருக்கு ஆயுசு போனது. வேலையை விட்டு வந்த பிறகும் பட்டப்பெயர் விடவில்லை. கூடப்பிறந்தவளே ஸ்டோர்காரன் என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாளும் அவர் சாவியை இன்னொருவன் கையில் கொடுத்ததில்லை. கல்யாணம் பண்ணிக்கொண்டால் பெண்டாட்டியிடம் சாவி கொடுக்க வேண்டிவரும் என்றுதான் தனியாக நின்றுவிட்டான் என்று அக்கா கேலி பேசுவாள். அது கேலி இல்லை, உண்மைதான்.

புருஷன் போன பிறகு அக்கா இங்கே வந்து சேர்ந்தாள். அப்பன் கட்டிய வீடு, இரண்டு பேருக்கும் பொது. ஒருவர் கண்ணை மூடினால் முழுசும் மற்றவருக்கு. சந்தேகப்பட அது ஒன்று போதாதா? சமைக்கிறவள் அவள். தின்கிறவர் இவர். அதனால் கேண்டீன் சட்டத்தையே வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஆக்கின கை முதலில் தின்ன வேண்டும். ஒப்புக்கு ஒரு வாய் இல்லை, ஒரு தட்டு முழுக்க. அவர் எதிரே உட்கார்ந்து பார்ப்பார். அவள் தின்று, ஏப்பம் விட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் தனக்குக் கொஞ்சம் போட்டுக்கொள்வார்.

அந்த மழைக்காலத்தில் பாலம் முழுகிவிட்டது. காய்கறி வண்டி வரவில்லை. பின்கட்டில் இருந்த கிழங்கு மூட்டைகள்தான் இரண்டு பேருக்கும் கதி.

கசப்பு கண்ட அன்றே அவர் மூட்டைகளை இழுத்துவந்து தன் படுக்கை அறைத் தரையில் கொட்டினார். மேலே தொங்கிய பல்பைப் போட்டார். பகலானாலும் இரவானாலும் அணைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற சாமானில் எவனும் கைவைக்க முடியாது. அது அவர் வாழ்நாளில் படித்த ஒரே பாடம். வேளைக்கு வேண்டியதை அவரே பொறுக்கிக் கொடுத்தார். அக்கா முந்தானையில் வாங்கிக்கொண்டு போனாள்.

கசப்பு குறையவில்லை. ஏறியது.

வெளியே மழை ஓட்டின் மேல் ஓயாமல் அரிசி கொட்டுகிற மாதிரி கொட்டியது. உள்ளே பல்பு ஈ முனகுகிற மாதிரி முனகியது. ஈரமண்ணும் பழைய சாக்கும் கலந்த அறைக்குள், கிழங்குக் குவியலிலிருந்து லேசாகத் தித்திக்கிற ஒரு வாடை எழுந்து தலையணை வரை வந்து அவர் மூக்கருகே படுத்துக்கொண்டது. ஒருநாள் விழித்துப் பார்த்தால், மேலாகக் கிடந்த கிழங்குகளின் தோலில் பச்சை ஏறியிருந்தது. துடைத்தார். போகவில்லை. நகத்தால் கீறினார். தோலுக்கு அடியிலும் பச்சை. என்னமோ தடவியிருக்கிறாள். எப்போது தடவினாள்? தான் தூங்கினபோதுதான். அன்றிலிருந்து தூக்கத்தையும் குறைத்துக்கொண்டார்.

அக்காவுக்கு வாந்தி எடுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் குந்தினாள். நடிக்கிறாள் என்று நினைத்தார். குடையை எடுத்துக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போய்விட்டு, சேலை நனையத் திரும்பி வந்தாள். மருந்துக்கடைக்காரர் கேட்டதும் சொல்லிவிட்டாராம். வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சை பிடிக்கும், முளை விடும், கூடவே அதற்குள் விஷமும் ஊறும். வேகவைத்தாலும் போகாது. பச்சையானதைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை மூடி இருட்டில் வைக்கச் சொன்னாராம். தக்காளிச் செடி, கத்தரிச் செடி எல்லாம் இதற்குப் பங்காளிகள், அந்தக் குடும்பமே இலையிலும் தண்டிலும் விஷத்தை வைத்துக்கொண்டுதான் இருக்கும் என்றாராம்.

"நம்ம குடும்பம் மாதிரின்னு சொல்லிட்டு வந்தேன்," என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. இருட்டில் வைக்க வேண்டுமாம். ஏன்? அப்போதுதானே யாரும் பார்க்காமல் கலக்கலாம். மருந்துக்கடைக்காரனையும் கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா திட்டம்?" என்று கேட்டார்.

அக்கா நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். "உன்னைக் கொல்லணும்னா எனக்குக் கிழங்கு எதுக்குடா? தலகாணி பத்தாதா?"

அன்றைக்கே இருந்ததிலேயே பெரிய பல்பாக மாட்டினார்.

குவியல் முழுக்கப் பச்சையானது. ஒவ்வொன்றிலும் தடித்த முளை, நுனியில் கத்தரிப்பூ நிறம். அவற்றையே பொறுக்கிக் கொடுத்தார். எறிந்தால் அவள் சொன்னதை நம்பினதாக ஆகிவிடாதா? அக்கா அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று சமைத்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு முதல் தட்டைத் தின்றாள். பாதியில் நிறுத்தினாள்.

"முழுசா சாப்பிடு," என்றார்.

"நீ ரெண்டு ரெண்டா தெரியுற," என்றாள். அவள் கண்ணில் கருவிழி விரிந்து, கறுப்பு மட்டுமே மிஞ்சியிருந்தது. "ஒருத்தனுக்கே சோறாக்க முடியல. ரெண்டு பேரா வந்து நிக்கிறியேடா."

தட்டை அவள் பக்கம் தள்ளினார். அவள் வழித்துத் தின்றாள். தின்றுவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே தன் அறைக்குப் போனாள். அவர் தன் பங்கில் இரண்டு வாய் மட்டும் தின்றார். அதற்கே குடல் முறுக்கியது.

மறுநாள் அவள் எழுந்திருக்கவில்லை. வாசற்படியில் நின்று கூப்பிட்டார். நடிக்கிறாள். மறுபடி கூப்பிட்டார். பிறகு கிட்டே போய்க் கையைத் தொட்டார். ஈரத் தரையைத் தொட்ட மாதிரி இருந்தது. வாய் திறந்திருந்தது. கடைவாயில் கிழங்கு மசியல் காய்ந்து ஒட்டியிருந்தது.

மருந்துக்கடைக்காரனிடம் போய்ச் சொல்லலாமா? அவன் என்ன கேட்பான்? வெளிச்சத்தில் வைத்தது யார் என்று கேட்பான். தின்ன வைத்தது யார் என்று கேட்பான். ஸ்டோர்காரர் அவள் அறைக் கதவைச் சாத்தினார். வெளியே பூட்டுப் போட்டார். சாவியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு தன் அறைக்கு வந்து, கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தார். பொழுது சாய்ந்தது. பசித்தது. கிழங்கை விட்டால் வீட்டில் வேறொன்றும் இல்லை.

மழை விட்டது.

அத்தனை நாள் காதை அடைத்திருந்த சத்தம் ஒரேயடியாக நின்றதும், வீடு மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி ஆயிற்று. ஓட்டு நுனியிலிருந்து சொட்டுகிற நீர். பல்பின் முனகல். அப்புறம் சமையல்கட்டிலிருந்து இன்னொரு சத்தம்; பாத்திரத்துக்குள் மத்து மெத்தென்று இறங்கி, அடியைத் தொட்டு, சளக்கென்று ஏறுகிற சத்தம். அவசரமே இல்லை. வேகிற கிழங்கின் ஆவி கதவிடுக்கில் நுழைந்தது.

உள்ளங்கையைத் திறந்து பார்த்தார். சாவி இருந்தது.

மத்து நின்றது. தட்டு எடுக்கிற சத்தம். பாதத்தை இழுத்து இழுத்து வைக்கிற நடை. சுவரைத் தடவுகிற கை. ஆயுசில் முதல் தடவையாக அவருக்கு இருட்டு வேண்டியிருந்தது. எதையும் பார்க்காமல் இருக்க வேண்டும். தாவிச் சுவிட்சை அணைத்தார்.

இருட்டு. தித்திப்பு வாடை. பக்கத்தில் எங்கோ கிழங்கு ஒன்று உருண்டது.

பார்க்காமலும் இருக்க முடியவில்லை. போட்டார்.

குவியலுக்கு அந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்திருந்தாள். சம்மணம் போட்டு. முகத்தில் வெளிச்சம் விழுந்த பாதி, பச்சை. மடியில் தட்டு. அதில் ஆவி.

"நான் சாப்பிட்டாச்சு," என்றாள். "முழுசா."

கரண்டியில் அள்ளினாள். குனிந்தாள். குவியலுக்கு மேலாகக் கை நீண்டது. நீண்டுகொண்டே வந்தது. சின்னப் பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி அவர் மோவாயை ஒரு கை பிடித்தது. ஈரத் தரையின் சில்லிப்பு. அவர் பல்லைக் கடித்தார். தாடை கேட்கவில்லை. தானாகத் திறந்தது.

அக்கா சிரித்தாள். நாக்கு முழுக்க முளை. வெள்ளை முளை, நுனியில் கத்தரிப்பூ நிறம். எல்லாம் அவர் வாயை நோக்கி வளைந்து.