அடுப்புக்குள் ஆற்றுக்கல்

"திறக்காதீங்க…"

சொன்னதோடு நிற்கவில்லை, அடுப்புக் கதவைத் திறக்கப் போன அவள் மணிக்கட்டையும் பிடித்துவிட்டான். ரொட்டிக் கடையின் உள் அறையில், முன்பின் தெரியாத ஒருவன். அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"கையை விடுங்க. ரொட்டி வாங்க வந்தவங்க முன்னாடி நிக்கணும்."

"நின்னுட்டுதான் இருந்தேன். தட்டுல கல்லு உள்ள போறது தெரிஞ்சுது. பக்கெட்டுல ஆத்து மணலை இப்பத்தான் பார்த்தேன்… அது ஈரக் கல்லுங்க."

கல் சித்தப்பாவுக்கு. சித்தப்பா என்பது அவள் வளர்க்கும் தாடி ஓணான். கண்ணாடிப் பெட்டிக்குள் எந்நேரமும் முறைத்துக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். விளக்கடியில் குளிர்காய அதற்கு நல்ல கல்லாக வேண்டுமென்று ஆற்றங்கரையில் பொறுக்கி வந்தாள். ரொட்டிக் கடைக்காரர் மகள் அல்லவா… அடுப்பில் வைத்தால் எந்தக் கிருமியும் தப்பாது என்பது அவள் கணக்கு.

"கல்லுக்குள்ள தண்ணி ஊறிப் போயிருக்கும். சூட்டுல அது ஆவியாகி, வெளிய வர வழியில்லாம வெடிக்கும். நான் வேலை பார்க்கிற மிருக ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர் ஆமையைத் தூக்கிட்டு வந்தாரு. இப்படிக் கல்லைச் சூடு பண்ணப் போயி, அவர் கண்ணுல கட்டு…"

பேச்சு பாதியில் நின்றது. அவன் அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இமையில் மாவு ஒட்டியிருக்கிறதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் வந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

"என் பொண்ணு கையை விடுடா."

வாசலில் அப்பா.

அவன் உடனே விட்டுவிட்டான். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் அடுப்பைப் பற்றி எனக்கே பாடமா என்ற வீம்பு விடவில்லை.

"கூப்பிடாமலே உள்ள வந்துட்டாருப்பா" என்றாள்.

சட்டையைப் பிடித்து அப்பா அவனை மழையில் தள்ளினார். கேட்ட ரொட்டி கூடக் கையில் இல்லை. படியில் நின்று அவன் திரும்பினான்.

"அணைச்சுட்டு அப்படியே ஆற விடுங்க. கதவை மட்டும் திறக்காதீங்க…"

பெரிய இவன். அவள் அடுப்புக் கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். மணிக்கட்டில் அவன் விரல்களின் சூடு இன்னும் போகவில்லை. இழுக்க மனம் வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு விலகி நின்றாள்.

உள்ளே டப்பென்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கதவின் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது. விரிசல் சரியாக அவள் கண் உயரத்தில் இருந்தது.

அப்பா மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பையன் எங்கம்மா…"

மறுநாளும் மழை விடவில்லை. மிருக ஆஸ்பத்திரியில் நாய்களுக்கும் பூனைகளுக்கும் நடுவே பெட்டியை மடியில் வைத்துக் காத்திருந்தாள். பச்சை அங்கியோடு வந்தவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"ஓணானுக்கு என்ன?"

"சித்தப்பா நல்லா இருக்காரு. வேற கல்லை எப்படிச் சுத்தம் பண்றதுன்னு…"

"சோப்பு போடாதீங்க. பிரஷ்ஷால தேய்ங்க. பக்கெட்டுல வச்சு நல்ல சுடுதண்ணி ஊத்தி ஊற விடுங்க. அடுப்புப் பக்கமே கொண்டு போகாதீங்க. அலசி வெயில்ல நல்லா காயட்டும்."

"மழையா பெய்யுதே."

"காயற வரைக்கும் காத்திருங்க."

"என் மேல கோவமா?"

அவன் முதல்முறையாக நிமிர்ந்தான். "கோவம் இருந்தா தூங்கியிருப்பேன். நீங்க திறந்திருப்பீங்களோன்னு… இந்தக் கண்ணுதான் முன்னாடி நின்னுது. திரும்பி வந்தேன். கடை மூடியிருந்துச்சு. ஒருத்தரை ஒரு தடவை பார்த்துட்டு இப்படித் தவிக்க முடியும்னு எனக்கே தெரியாது."

அவளுக்குக் கண் கலங்கியது. "திறக்கத்தான் போனேன். நீங்க பிடிச்ச கைதான் என்னைத் திறக்க விடல. நல்லதுக்குத்தான் பிடிச்சீங்கன்னு தெரிஞ்சும் அப்பாகிட்ட உங்களை விட்டுக்கொடுத்தேன்… அவரு வெளிய நிக்கிறாரு. நீங்க வாங்காம போன ரொட்டி அவர் கையிலதான் இருக்கு."

அவன் வாசலைப் பார்த்தான். குடைக்குள் அப்பா, பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி, வேண்டுமென்றே தெருவைப் பார்த்து நின்றார்.

அவள் கையை மேசை மேல் நீட்டினாள்.

"நேத்து விடச் சொன்னேன். இன்னைக்குச் சொல்ல மாட்டேன்…"