சுவரை உடைக்க அனுமதி இல்லை

கோவர்த்தனனின் சாமான்களை ஏற்றி வந்த டெம்போ, ஸ்ரீரத்னா என்க்ளேவ் வாசலில் வந்து நின்றபோது மதியம் இரண்டு மணி தாண்டி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. அந்த ஐந்து நிமிஷம்தான் கெடுத்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. உதட்டில் விரலை வைத்துக்கொண்டு மதிலில் தொங்கிய பலகையைக் காட்டினான். இரண்டிலிருந்து நான்கு வரை விஸ்ராந்தி வேளை, சத்தம் கூடாது. சாமான் இறக்குவது சத்தம். ஆகவே கட்டில், பீரோ, கேஸ் சிலிண்டர், மனைவி கல்பனா, பத்து மாதக் குழந்தை யஸ்வந்த் எல்லோரும் திருமலை அடிவாரத்து அலிபிரி ரோட்டு வெயிலில் ஒன்றாகக் காய்ந்தார்கள்.

"நாம வாங்கினது வூடுதானே?" என்று கல்பனா மெதுவாகக் கேட்டாள். "ஆஸ்பத்திரி வார்டு இல்லியே?"

ஊரெல்லாம் செல்போன் டவர் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த டவர்களின் ஜெனரேட்டர்களைப் பராமரிக்கும் கம்பெனியில் கோவர்த்தனனுக்கு வேலை. நகரியில் தன் பங்குக்கு இருந்த நிலத்தை அண்ணனுக்கே விற்றுவிட்டு இந்த வீட்டை வாங்கியிருந்தான். தரைத்தளத்தில் பின்பக்க வீடு. முன்பு அதில் இருந்தவர் நாகபூஷணம், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். காலமாகிவிட்டார். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த மகன்கள் இருவரும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு அவசரமாக விமானம் ஏறிவிட்டார்கள். வீடு சல்லிசாகக் கிடைத்ததில் கோவர்த்தனனுக்குச் சந்தோஷம் வந்தது. சந்தோஷம் வந்த இடத்தில் சந்தேகம் வராது.

செயலாளர் போய்விட்டாரே தவிர அவருடைய விதிகள் போகவில்லை. பால்கனிக் கம்பியில் துணி காயப்போடக் கூடாது. செருப்பை வாசலுக்கு வெளியே விடக் கூடாது. கோலம் மிதியடி அளவைத் தாண்டக் கூடாது. திருமலை தரிசனத்துக்கு வரும் உறவுக்காரர்கள் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்கக் கூடாது. அவர்கள் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு மாடிப்படிச் சுவரில் சாயவே கூடாது. சாய்ந்தவர்கள் விட்டுப்போன மஞ்சள் வட்டங்கள் ஒவ்வொரு மாடியிலும் இருந்தன, சாட்சிக்கு.

முதல் வாரத்தில் கல்பனாவின் கோலத்தை யாரோ ஈரத்துணியால் ஓரம் துடைத்து மிதியடி அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டாவது வாரத்தில் கோவர்த்தனனின் செருப்பு வாசலிலிருந்து உள்ளே வந்திருந்தது. ஜோடி சேர்த்து, சுவரை ஒட்டி, நேராக. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

"நீதான் எடுத்து வெச்சியா?"

"நீங்க வெச்சீங்கன்னு நெனச்சேன்."

இருவரும் மற்றவரைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் இந்த மாதிரி தப்பபிப்பிராயம் நல்லதுதான்.

அந்த வீட்டில் மத்தியானம் ஒரு மாதிரி இருக்கும். படுக்கையறைக்குள் அந்துருண்டை வாசனை மெல்ல ஏறும். பக்கத்து மெயின் ரோட்டில் மலைக்குப் போகும் பஸ்களின் ஹாரன் தேய்ந்து தேய்ந்து, யாரோ ரேடியோக் குமிழைத் திருகுவதுபோல் அணைந்துவிடும். அதோடு யஸ்வந்தும் அடங்கிவிடுவான். காலையெல்லாம் வீட்டைத் தலைகீழாக்கிக் கத்துகிற பிள்ளை, மத்தியானம் ஒரு சத்தம் போடமாட்டான். கல்பனா பத்து மாதம் கழித்து முதல்முறையாகத் தூங்கினாள். சங்கத் தலைவர் முனிரத்தினம் வழியில் நிறுத்தி, குழந்தை இருக்கும் வீடாகவே தெரியவில்லை என்று பாராட்டினார். மற்ற வீட்டுக் குழந்தைகளுக்கு இவனை உதாரணம் காட்டுவதாகவும் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவர்த்தனன் மத்தியானம் வீட்டில் இருந்தான். தண்ணீர் குடித்துவிட்டு வைத்த எவர்சில்வர் சொம்பு மேஜை விளிம்பில் வழுக்கியது. கீழே போய் மொசைக் தரையில் மோதி, குதித்து, உருண்டு, சுவரில் இடித்து நின்றது.

சத்தம் வரவில்லை.

காதில் ஏதோ அடைத்துவிட்டது என்று விரலை விட்டுக் குடைந்தான். சொம்பை எடுத்து மறுபடி போட்டான். அது மறுபடி குதித்தது, ஊமைப்படம் மாதிரி. கல்பனாவைக் கூப்பிட்டான். தொண்டை அதிர்ந்தது, உதடு பிரிந்தது. கீழே பாயில் தூங்கிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

அப்போதுதான் கட்டிலைப் பார்த்தான்.

யஸ்வந்த் அமைதியாக இல்லை. அழுதுகொண்டிருந்தான். முகம் செங்கல் நிறமாகி, கண்ணில் தாரைதாரையாக நீர் ஓட, உள்நாக்கு தெரிய வாயைத் திறந்து, கைகாலை உதைத்து, உயிரைக் கொடுத்துக் கத்திக்கொண்டிருந்தான்.

ஒரு பொட்டுச் சத்தமில்லை.

நான்கு மணிக்கு பஸ் ஹாரன் திரும்பி வந்தது. பிள்ளையின் அழுகையும் பாதியிலிருந்து வந்தது. கல்பனா அவனை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் தூங்கினேனே, இத்தனை நாளும் இவன் இப்படித்தான் அழுதுக்கினு இருந்தானா என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

மறுநாளிலிருந்து மத்தியானம் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்குவதில்லை என்று வைத்துக்கொண்டாள். வேறெங்கும் போக இடமில்லை. நிலம் போய்விட்டது, வீடுதான் மிச்சம். ஆனால் இரண்டு மணி நேரமும் பத்து மாதப் பிள்ளையை யாரால் இடுப்பிலேயே வைத்திருக்க முடியும்? அந்த வியாழக்கிழமை, பின்கட்டில் துணியைப் பிழிந்துவிட்டு வருவதற்குள் கட்டில் காலியாக இருந்தது. சத்தம் போட்டுத் தேட வழியில்லை. பீரோவுக்குப் பின்னால், கதவுக்குப் பின்னால் என்று பார்த்துவிட்டுக் கடைசியில் குனிந்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தலை சிக்கி, வாய் திறந்தபடி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். கட்டிலைத் தள்ளி இழுத்தெடுத்ததில் அவள் நகம் பெயர்ந்தது. அவளும் கத்தினாள். அதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் கோவர்த்தனன் வந்ததும் அவள் அழவில்லை. "இன்னிக்கு நான் குனிஞ்சு பார்த்தேன். நாளைக்கு எங்க பார்க்கிறதுன்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

அவன் நேராக முனிரத்தினத்தின் வீட்டுக்குப் போனான். நாகபூஷணம் எப்படிச் செத்தார் என்று கேட்டான். முனிரத்தினம் அதை மறைக்கவே இல்லை. சங்கத்தின் வரலாற்றில் பொன்னான நாள் என்கிற தோரணையில், காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்.

மாரடைப்பு. அதே படுக்கையறை. போன நேரம் தனிஷ்டா பஞ்சமி. தமிழ்க்காரர்கள் அடைப்பு என்பார்கள். அந்த நட்சத்திரத்தில் போனவரை வாசல் வழியாக எடுக்கக் கூடாது. சுவரை உடைத்து, அந்த ஓட்டை வழியாக எடுத்து, கையோடு அதை அடைத்துவிட வேண்டும். அப்போதுதான் போனவருக்குத் திரும்பி வர வழி தெரியாது. வீட்டையும் ஆறு மாசம் பூட்டிப்போட வேண்டும். புரோகிதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகன்களும் தலையாட்டிவிட்டார்கள். ஆனால் வெளிச்சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது சங்க விதி. அதை எழுதியவரே நாகபூஷணம்தான். உடனே பொதுக்குழு கூடியது. செயலாளரும் வீட்டில்தான் இருந்தபடியால் கூட்டம் செல்லும் என்று முடிவு செய்தார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

"செயலாளர் ஆயனே உயிரோட இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார், பாபு" என்றார் முனிரத்தினம். "சுவரா? குதரது. முடியவே முடியாது."

ஆக, வாசல் வழியாகவே எடுத்தார்கள். ஆறு மாசம் பூட்டும் பேச்சும் அடிபட்டுப் போனது. மகன்களுக்கு லீவு இல்லை.

கோவர்த்தனன் காபி டம்ளரை வைத்துவிட்டு, இப்போதாவது அந்தச் சுவரை உடைக்க அனுமதி தருவீர்களா என்று கேட்டான். அவர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

நகரியில் கோவர்த்தனனின் தாய்மாமன் துலுக்காணம் கொத்தனார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பொணம் போன பிறகு பாதை போட்டு இன்னா புண்ணியம் என்று யோசித்தார். அப்புறம், உள்ளே இருப்பவருக்கு வெளியே போக வழி விட்டது போலவாவது இருக்கும், பார்ப்போம் என்றார். பகலில் உடைத்தால் சங்கத்துக்காரர்கள் வந்துவிடுவார்கள். ராத்திரியிலும் வருவார்கள். அவர்களுக்குத் தூக்கம் முக்கியம். அதற்கு கோவர்த்தனன் ஒரு யோசனை வைத்திருந்தான். முந்தின நாள் மத்தியானம் அவன் வாசலுக்கு வெளியே நிற்க, கல்பனா உள்ளே குக்கர் மூடியைக் கரண்டியால் அடித்துப் பார்த்திருந்தாள். கை வலிக்கும்வரை அடித்தாள். வெளியே கேட்கவே இல்லை.

செயலாளர் விதியைக் காப்பாற்றுவார். அந்த இரண்டு மணி நேரத்தில் எதை உடைத்தாலும் சத்தம் வெளியே போகாது.

அந்துருண்டை வாசனை ஏறி, பஸ் ஹாரன் அணைந்ததும் துலுக்காணம் சம்மட்டியை ஓங்கினார். சுவர் அதிர்ந்தது. சிமெண்டு பெயர்ந்து விழுந்தது. செங்கல் பிளந்தது. எல்லாம் பஞ்சு மாதிரி விழுந்தது. நாற்பது வருஷம் சம்மட்டி பிடித்த மனிதர், தன் அடி தனக்கே கேட்காமல் இரண்டு முறை நின்று கையைப் பார்த்துக்கொண்டார். கல்பனா பிள்ளையோடு அறை மூலையில் நின்றாள். பிள்ளை வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது.

அறை குளிர்ந்துகொண்டே வந்தது.

வாசனை கண்ணைக் கரித்தது.

ஆள் குனிந்து போகிற அளவு ஓட்டை விழுந்தது. பார்க்கிங் பக்கத்து வெயில் தூசியோடு உள்ளே வந்தது. கடைசிக் கல் விழுந்தது.

அது கேட்டது.

அதன் பிறகு எல்லாமே கேட்டது. அடித்த அத்தனை அடியும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. சொம்பு விழுந்த சத்தம். குக்கர் மூடி. கல்பனா கட்டிலைத் தள்ளியபோது போட்ட அலறல். பிறகு அழுகை. ஒரு பிள்ளையின் அழுகை இல்லை, இருபது முப்பது பிள்ளைகள் ஒன்றாக அழுவது போல. அத்தனை மத்தியானத்து அழுகையும், சுவர், தரை, கூரை எல்லாவற்றிலிருந்தும் வந்தது. இடுப்பிலிருந்த யஸ்வந்தோ வாயை மூடிக்கொண்டு மிரள மிரள விழித்தான்.

வாசல் கதவை யார் யாரோ இடித்தார்கள். முனிரத்தினத்தின் குரல் தெலுங்கில் விதி எண் சொல்லிக் கூவியது. கோவர்த்தனன் ஓடிப்போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றான். கல்பனாவுக்குக் காது வலித்தது. பிள்ளையின் காதைப் பொத்தினாள். இந்த வீட்டிலிருந்து இவனை வெளியே கொண்டுபோய்விட வேண்டும், அது ஒன்றுதான் அவள் நினைப்பில் இருந்தது. வாசலில் கூட்டம். எதிரே வெயில் அடிக்கும் ஓட்டை. பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து, தலையைக் குனிந்து, அதன் வழியாக வெளியே போய் நின்றாள்.

வீடு சட்டென்று அடங்கியது. சாதாரண அடங்கல்தான். மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது.

கல் வைத்து அடைக்க எடுத்த கரணை துலுக்காணத்தின் கையில் அப்படியே நின்றது. ஓட்டையையும் அதற்கு அந்தப்பக்கம் நிற்கிறவளையும் பார்த்தார்.

"அம்மாடி, அந்த வழியா ஏம்மா போனே" என்றார், மெதுவாக. "அது ஆள் போற வழி இல்லியே."

கல்பனா கேட்கவில்லை. பிள்ளை அவள் தோளில் கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டிருந்தான்.

வெளியே சங்கத்துக்காரர்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, அவர் மளமளவென்று கல் வைத்து, இருட்டுவதற்குள் அடைத்துப் பூசிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் கோவர்த்தனன் திரும்பத் திரும்பக் கேட்டதற்கு, எது வெளியே போகணுமோ அது போய்டுச்சு மாப்ளே, வூட்ல இனிமே இல்ல, திரும்பி உள்ள வர அதுக்கு வழியும் தெரியாது என்று மட்டும் சொன்னார். எங்கே போயிற்று என்று அவனும் கேட்கவில்லை.

வீடு உண்மையிலேயே சுத்தமாயிற்று. மறுநாள் மத்தியானம் மிக்ஸி கத்தியது. சொம்பு விழுந்து காது கூசியது. யஸ்வந்த் அழுத அழுகையில் மேல்மாடிக்காரர்கள் இறங்கி வந்து புகார் கொடுத்தார்கள். கல்பனா அவர்களை உட்காரவைத்து முறுக்கு கொடுத்தாள். விதியை மீறிச் சுவரை உடைத்ததற்காக சங்கம் அந்த வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தியது. அவர்கள் கோபம் தணியும்வரை நகரியில் இருந்துவிட்டு வரலாம் என்று மூவரும் கிளம்பினார்கள்.

அண்ணன் வீடு விசைத்தறித் தெருவில் இருந்தது. தெரு முழுக்கத் தறிகள். பேசுவதென்றால் கத்த வேண்டும். அந்த இரைச்சலில் கல்பனாவுக்கு வெகுநாள் கழித்து முகம் தெளிந்தது. முதல் நாள் மத்தியானம் இரண்டு மணி வாக்கில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணி சோற்றைப் போட்டுக்கொண்டே ஏதோ கிண்டலாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

தறிச் சத்தம் நின்றது.

கரண்டு போய்விட்டது என்று கோவர்த்தனன் நினைத்தான். நகரியில் மத்தியானம் கரண்டு போவது வழக்கம்தான். விசிறி எங்கே என்று கேட்க வாயெடுத்து, மேலே பார்த்தான்.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணியின் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டுத் தறியில் நாடா இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டிருந்தது. கல்பனா அவனைப் பார்த்தாள். பிறகு இருவரும் பிள்ளையைப் பார்த்தார்கள்.

யஸ்வந்த் அழவில்லை. பாயின் நடுவில் உட்கார்ந்திருந்தவன், அண்ணாந்து யாரையோ பார்த்துவிட்டு, பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.