பச்சை அங்கிக்காரன்

வண்ணம் காய்ந்து ஒரு வாரமாகியும் பச்சை அங்கிக்காரன்மேல் காடி நாற்றம் போகவில்லை.

கஸ்வீன் நகர அரண்மனையின் ஓவியப் பட்டறையில் பனிக்காலத்து நண்பகல் வெளிச்சம் மங்கிக் கிடந்தது. ஓவியன் காவூஸ் ஒரு முழங்காலை உயர்த்தி, அதன்மேல் பலகையைச் சாய்த்து, பலகைமேல் கிடந்த தாள்கட்டின் மேல்தாளை மறுபடி முகர்ந்தான். வேட்டைக் காட்சி; அதில் பக்கவாட்டில் நிற்பவன்தான் பச்சை அங்கிக்காரன். அங்கிக்குப் பூசியது, செம்பைக் காடியில் ஊறவைத்து எடுத்த களிம்புப் பச்சை. குங்குமப்பூ கலக்காவிட்டால் அது தாளை அரித்துவிடும். கலக்கத்தான் கொடுத்திருந்தார்கள். அந்தக் குங்குமப்பூ தவணை தவணையாகக் காவூஸ் வீட்டுப் புலாவில் கலந்தது. கடைசிச் சிட்டிகை நேற்று. புலாவில் ஒரு குறையும் இல்லை.

எதிரே தங்கப் பூச்சைக் கல்லால் தேய்த்து மெருகேற்றிக்கொண்டிருந்த புர்ஹான் தலை தூக்கினான்.

"என்ன உஸ்தாத், படத்தப் போய் மோந்து பாக்கறீரு? பசியா?"

"உன் வேலையப் பாருய்யா."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். நவ்ரோஸ் புத்தாண்டுக்கு இளவரசர் கைக்குப் போற புத்தகம். ஒரு பக்கம் கெட்டாலும் கட்டைவிரல எடுத்துருவாங்க. அப்புறம் புலாவ எதால அள்ளித் திம்பீரு?"

சிரித்தபடியே தொழுகைக்குப் போனான். கதவு சாத்திக்கொண்டது. அவன் கல் தேய்த்த ஓசை நின்றதும், அதற்கடியில் இவ்வளவு நேரம் ஒளிந்திருந்த இன்னொரு ஓசை, கரையான் மெல்வதுபோல் ஒரு நிதானமான கரகரப்பு, மடியிலிருந்து கேட்டது.

காவூஸ் மேல்தாளைத் திருப்பினான். பின்புறம் அங்கி வடிவில் பழுப்பேறியிருந்தது. களிம்பின் குணம் அதுதான் என்று சொல்லிக்கொண்டு, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

அடுத்த வெற்றுத்தாளிலும் கறை. கீழே போகப்போக மங்க வேண்டியது, பெரிதாகியிருந்தது. படத்தில் பக்கவாட்டில் நின்றவன் இங்கே லேசாகத் திரும்பியிருந்தான்.

அடுத்தது. இன்னும் திரும்பி. இன்னும் கிட்டே.

அடுத்தது. முகம் மட்டும். கண்கள் திறந்திருந்தன.

கண்ணைக் கடைசியில்தான் வரைவார்கள். காவூஸ் இன்னும் வரையவே இல்லை.

கடைசித் தாளில் கறை இல்லை. ஓட்டை. ஆள் வடிவில்.

பலகையிலும் ஓட்டை.

தூக்கினான்.

முழங்காலிலும் அதே ஓட்டை. ரத்தம் இல்லை. வலி இல்லை. கத்தரித்ததுபோல் சுத்தமான விளிம்பு. அதன் ஊடே தரைக் கம்பளத்தின் பூக்கள் தெரிந்தன.

கத்த வாய் திறந்தான். காடி நாற்றம்தான் வந்தது.

தொடைத் தோலுக்கடியில், விரலளவுப் பச்சை ஒன்று நடந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல். வயிற்றை நோக்கி.