மூன்றில் ஒரு பங்கு

பிடரியில் தகடு பொருத்திய முதல் வாரமே நவநீதன் சீட்டியடிக்கத் தொடங்கினான். கல்யாணமான இத்தனை வருடங்களில் தாரணி அதைக் கேட்டதில்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது அவள் பிரஷைப் பிடித்தபடி வாஷ்பேசின் முன் நின்றுகொண்டிருந்தாள். அதை வாய்வரை கொண்டுபோவது பெரிய வேலையாக இருந்தது.

சிகிச்சை அவளுக்குத்தான். அவளுக்கு மனச்சோர்வு என்று சொன்ன டாக்டர் ரெஜினா, மாத்திரை தொடங்கலாம், பேச்சு சிகிச்சையும் உண்டு என்றார். மாமியார் சரசாத்தாள் பதறிப்போனார்.

"மாத்திரையெல்லாம் எதுக்குங்க? நாங்க இத்தனை பேர் இருக்கறப்ப இவ ஒருத்தியே எதுக்குச் சுமக்கோணும்?"

"சுமைசமனி வெச்சரலாங்க டாக்டர். இவ பங்கை நாங்க வாங்கிக்கறோம்," என்றான் நவநீதன்.

அந்த நொடியில் அவர்கள்மேல் தாரணிக்கு அழுகை முட்டுமளவுக்கு அன்பு வந்தது.

சுமைசமனி எளிய கருவி. குழாயால் இணைத்த குடங்களில் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்பதுபோல, தகடு பொருத்தியவர்களின் மனக்கனத்தை அது ஒரே அளவுக்குக் கொண்டுவரும். நினைவுகள் நகராது, கனம் மட்டும் நகரும். பொருத்துமுன் எல்லோரையும் அளக்க வேண்டும் என்பது விதி. "எனக்கென்னங்க, கல்லாட்ட இருக்கறேன். நோவு இவளுக்குத்தானே?" என்று சரசாத்தாள் சிரித்துவிட்டார். பெரியவரை வற்புறுத்தக் கூச்சப்பட்டு ரெஜினாவும் விட்டுவிட்டார். மகனையும் அளக்கவில்லை. அந்த வீட்டில் வாய்விட்டுச் சொன்னவள் தாரணி மட்டும்தான். அதனால் நோயாளியும் அவள் மட்டும்தான்.

தகடு பொருத்திய இரண்டாம் வாரம், அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே சரசாத்தாள் சொன்னார்: "நவநீக்கு முன்னால ஒரு பொண்ணு பொறந்து, நாலாம் நாளே போயிருச்சு கண்ணு. பேரு கூட யோசிச்சு வெச்சிருந்தோம்."

"இத்தனை நாள் சொன்னதே இல்லீங்களே அத்தை."

"வாயெடுத்தாலே நெஞ்சை அடைக்கும். இப்ப பாரு, தண்ணியாட்ட வந்துருச்சு!"

பார்த்தேயிராத ஒரு குழந்தைக்காக, அழும் உரிமைகூட இல்லாமல், தாரணியின் உள்ளே ஏதோ கிடந்து அழுத்தியது. நவநீதனிடமிருந்து வந்தது வேறு மாதிரி. தினமும் சாயங்காலம் வயிற்றில் ஏறும் ஓர் அச்சம். எதற்கென்று அவளுக்குத் தெரியாது. காரணம் அவனிடமே இருந்தது.

தனியாக மருத்துவமனைக்குப் போனாள். ரெஜினா மூவரின் அளவையும் திரையில் எடுத்துப் பார்த்தார்.

"மூணு பேருக்கும் இப்ப ஒரே அளவு. ஆனா உங்க பழைய அளவைவிட ரொம்ப அதிகம். அவங்க ரெண்டு பேர்கிட்ட இருந்தும் உங்களுக்குத்தான் வந்திருக்கு. உங்க வீட்லயே கம்மியாச் சுமந்தது நீங்கதாம்மா. அவங்களுக்கு இது இறக்கம், உங்களுக்கு ஏத்தம்."

"கழட்டிடுங்க டாக்டர்."

"மூணு பேரும் சம்மதிச்சாத்தான் முடியும்."

"அப்ப அவங்களுக்கும் வைத்தியம் பாருங்க."

ரெஜினா அங்கிருந்தே இருவருக்கும் போன் போட்டுப் பேசிவிட்டு வைத்தார். "கேட்டுட்டேன். இவ்வளவு நல்லா இருந்ததே இல்லை, எனக்கெதுக்கு வைத்தியம்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க."

வீட்டில் அவள் தகட்டைக் கழற்றும் பேச்செடுத்ததும் சீட்டி நின்றது. நவநீதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பள்ளிக்கூடத்துல படிச்ச காலத்துக்கப்புறம் இப்பத்தான் நல்லாத் தூங்கறேன் தாரணி. கொஞ்ச நாள் பொறுத்துக்கயேன்."

அவன் பொய் சொல்லவில்லை. கண்களுக்குக் கீழே இருந்த கருமை போயிருந்தது. அவளால் கையை உதறவும் முடியவில்லை.

மிச்சமிருந்தது மாத்திரை. எழுதிக் கொடுக்கும்போது ரெஜினா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க மட்டம் இறங்க இறங்க, அவங்களுது உங்களுக்கு வந்துட்டே இருக்கும். மாத்திரையால குணமாகறதுல மூணுல ஒரு பங்குதான் உங்களுக்கு மிஞ்சும். தெரிஞ்சுக்கங்க."

மாத்திரையே வேண்டாம் என்ற சரசாத்தாள்தான் இப்போது தினமும் இளஞ்சூட்டுப் பாலோடு அதைக் கொண்டுவந்தார். ஒரு நாள் விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"நேத்து நீ போடலையாட்ட இருக்குது. எனக்குக் காலையிலிருந்தே ஒரு மாதிரி இருந்துச்சு கண்ணு."

அவள் உண்மையில் போட்டிருக்கவில்லை. அதன்பிறகு தவறவிடவும் இல்லை.

வாரங்கள் கழித்து ஒரு காலை, பிரஷ் தானாக வாய்க்குப் போனது. காபி மணந்தது. ஜன்னல் கம்பியில் ஓர் அணில் வாலை ஆட்டியபடி அவளைப் பார்த்தது, அவளும் பார்த்தாள். டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். இனித்தது.

கூடத்தில் சீட்டி உச்சத்துக்கு ஏறியது. கையில் டம்ளர் மெல்லக் கனக்கத் தொடங்கியது.

"டேய் நவநீ, இவளுக்கு மருந்து நல்லாக் கேக்குதுடா!" என்று சரசாத்தாள் உற்சாகமாகக் குரல் கொடுத்தார். "அடுத்த தடவை போறப்ப, டாக்டரை இன்னுங் கொஞ்சம் கூட்டிக் குடுக்கச் சொல்லு."