சூரியனைக் கடந்த பூமி

வெண்குன்றக் குடியிருப்பில் ஒவ்வொருவருக்கும் வாரத்துக்குப் பதினொரு நிமிட வெயில் உண்டு. முறை வந்ததும் நிலத்தடியிலிருந்து மின்தூக்கியில் ஏறி, கண்ணாடிக் கூரையிட்ட வெயில் கூடத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும். மணி அடித்தால் இறங்கிவிட வேண்டும். செவ்வாயில் பிறந்தவர்களுக்கு இதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை.

அன்று மட்டும் கூடத்தை ஆறு மணி நேரம் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். சூரியனுக்குக் குறுக்கே பூமி ஒரு சிறிய கரிய வட்டமாகக் கடக்கப்போகிறது. இனி அப்படி நடக்க எழுபத்தொன்பது ஆண்டுகள் ஆகும். பூமியிலிருந்து செய்தி வருவது நின்று பதினேழு ஆண்டுகளாகியிருந்தன. ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாது. திரும்பிப் போகக் கப்பலும் இல்லை.

சூரிய வடிகட்டிகள் செய்யும் பொறுப்பு வில்லைப் பட்டறையின் செண்பகவல்லியிடம் வந்தது. ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும் உலோகப் படலத்தை வட்டமாக வெட்டி, வளையங்களில் பொருத்தினாள். ஒவ்வொன்றையும் விளக்குக்கு எதிரே பிடித்து, ஊசித்துளையோ கீறலோ இருக்கிறதா என்று பார்த்தாள். இரண்டு மாதம் அவளுக்கு வேறு வேலை இல்லை.

அவள் கணவர் குமாரவடிவு தூத்துக்குடியில் பிறந்தவர். இருபத்து நான்கு வயதில் கடைசிக் கப்பலில் வந்து இறங்கியவர். நுரையீரலில் செந்தூசி படிந்து எட்டு மாதமாக மருத்துவப் பிரிவில் கிடந்தார். மூச்சுக் குழாயோடு அவரை மேலே கொண்டுபோக மருத்துவர் சம்மதிக்கவில்லை.

"பூமியோட பழைய படம் ஆயிரம் இருக்கு. இன்னைக்கு அது எப்படி இருக்குன்னு பாக்கணும். அங்கதான் இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்" என்றார்.

"படம் கொண்டு வாரேன். நீங்க தூங்குங்க" என்றாள் செண்பகவல்லி.

நாற்பது நாற்பது பேராக, பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆட்கள் உள்ளே போனார்கள். வாசலில் நின்று அவள் எல்லாரிடமும் ஒன்றையே சொன்னாள். "வடிகட்டியைத் தொலைநோக்கிக்கு முன்பக்கம் மாட்டுங்க. கண்ணு வைக்கிற பக்கம் மாட்டினா சூட்டுல வெடிச்சிரும். பைனாகுலர்னா ரெண்டு குழாய்க்கும் போடணும். கேமராவுக்கும்தான். மாட்டினப்புறம் சூரியன் பக்கம் திருப்புங்க."

பாசன நிலையத்து இசக்கிமுத்து தன்னிடமிருந்த பழைய கறுப்புக் கண்ணாடித் துண்டைத் தொலைநோக்கியின் கண்வில்லையில் ஒட்டிவைத்துக் குனியப் போனார். செண்பகவல்லி ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். கண்ணாடியைப் பிரித்துக் காட்டியபோது நடுவில் விரிசல் ஓடியிருந்தது.

"வலிச்சா கண்ண எடுத்திருப்பேனே" என்றார் அவர்.

"விழித்திரைக்கு வலி தெரியாதுங்க. பார்வை போனப்புறம்தான் தெரியும்."

அதன் பிறகு அவளுக்கு வாசலைவிட்டு நகர மனம் வரவில்லை. ஆறு மணி நேரமும் மற்றவர்களின் கருவிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம்தான் நூற்றுக்கணக்கில் இருக்குமே என்று நினைத்தாள்.

கூடத்தை மூடியதும் முதலில் இசக்கிமுத்துவிடம்தான் படம் கேட்டாள். ஆரஞ்சு நிறத்தில் துல்லியமான சூரியன். அதன்மேல் ஒன்றுமில்லை. அடுத்தவரிடம் கேட்டாள். அதிலும் இல்லை. இருபது பேரிடம் கேட்டுவிட்டு, பதிவறைப் பொறியாளர் ஆரோக்கியமேரியிடம் போனாள்.

ஆரோக்கியமேரி கூடத்துப் பெரிய தொலைநோக்கியின் பதிவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "இங்க எல்லாக் கேமராவுலயும் தூசி நீக்குற மென்பொருள் இருக்குக்கா. அது பூமிய தூசின்னு நெனச்சு அழிச்சிருச்சு. மூலப் பதிவ நாம வச்சுக்கிறதில்ல."

"வீடியோ?"

"அதுலயும் அப்படித்தான்."

செண்பகவல்லி திரும்பவும் இசக்கிமுத்துவிடம் போனாள். "கண்ணால எப்படி இருந்துச்சு, அதையாவது சொல்லுங்க."

"ஒரு நொடி பாத்தேம்மா. என்னமோ கறுப்பா இருந்துச்சு. அதுக்குள்ள படம் எடுக்க ஆரம்பிச்சிட்டேன். கீழ வந்து நிதானமா பாத்துக்கலாம்னு..."

மற்றவர்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள்.

ஒரு புள்ளி வரைந்து தரட்டுமா, மாமாவுக்குத் தெரியவா போகிறது என்று கேட்டாள் ஆரோக்கியமேரி. செண்பகவல்லி சற்று நேரம் யோசித்தாள். பிறகு வேண்டாம் என்றாள்.

நடந்ததையெல்லாம் குமாரவடிவு கேட்டுக்கொண்டார்.

"நீயாவது பாத்தியா?"

"இல்லைங்க. வாசல்ல நின்னேன்."

"அவ்வளவு பக்கத்துல நின்னும் பாக்கலையா?"

அவர் மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் போர்வையைச் சரிசெய்தாள். அவர் கையைப் பிடித்தபோது அது பிடிகொடுக்காமல் கிடந்தது.

மறுநாள் குடியிருப்பின் செய்தித் திரையில் மாசுமறுவற்ற அந்தச் சூரியன் பெரிதாக வந்தது. 'தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர் பார்வையிட்டனர். ஒரு கண்ணுக்கும் சேதமில்லை' என்று நிர்வாகம் குறிப்பு எழுதி, செண்பகவல்லியின் பெயரைப் போட்டுப் பாராட்டியிருந்தது. மதியத்துக்குள் எண்ணூறு பேர் அதற்கு விருப்பக் குறி இட்டுவிட்டார்கள். மறக்க முடியாத காட்சி என்று பலர் கீழே எழுதியிருந்தார்கள்.